கெம்பஸ் குப்பைக்கும் நம் சமையலறைக்கும் என்ன உறவு?

மகளுக்கோ மகனுக்கோ பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் அது இன்னொரு பெருநாள் மாதிரித்தான். சொந்தபந்தமெல்லாம் வந்து வாழ்த்திவிட்டுப் போகும். அடுத்த நாளே பெட்டி அடுக்கும் வேலை தொடங்கிவிடும். படுக்கை விரிப்பு, வாளி, பீங்கான், கோப்பை, மாசிச் சம்பல் போத்தல் என்று ஒவ்வொன்றாகச் சேரும். அவற்றோடு உம்மாமாரின் அறிவுரைகளும் சேரும். நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, காசைக் கவனமாகச் செலவழி, கூட்டாளிமாரைப் பார்த்துத் தெரிவு செய் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறோம்.

ஆனால் ஓர் அறிவுரை மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. சாப்பிட்ட பின் மிஞ்சுவதை எங்கே போடுவது, எப்படிப் போடுவது என்பதை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

"குப்பை போடுவதெல்லாம் ஒரு விடயமா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் மூவாயிரம் பேர் பகல் சாப்பாட்டைப் பார்சலாக வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு மூவாயிரம் சோற்றுப் பார்சல்கள். வாரத்தில் ஐந்து நாட்களுக்குப் பதினையாயிரம். ஒவ்வொன்றிலும் ஒரு பொலித்தீன் தாள், ஒரு பத்திரிகைத் துண்டு, ஒரு பை, அதற்குள் சாப்பிட்டு மிஞ்சிய சோறும் கறியும். இதோடு தண்ணீர்ப் போத்தல், யோகட் கோப்பை, பால் பெட்டி, போட்டோப் பிரதிக் கடதாசி, பழைய நோட்டு, உடைந்த கதிரை, பழுதான சார்ஜர் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் என்பது ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாகச் சமைத்து, சாப்பிட்டு, உறங்கி, எழும்பும் ஒரு பெரிய வீடு. நம் வீட்டில் இருக்கும் பழக்கம்தான் அங்கே ஆயிரம் மடங்காகப் பெருகி நிற்கிறது.

அந்தக் குப்பை எங்கே போகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

சரிந்து விழுந்த மலை

2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் திகதியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு தினம். கொலன்னாவைப் பகுதியில் மீதொட்டமுல்லை என்ற இடத்தில், பல வருடங்களாகக் கொழும்பின் குப்பையைக் கொட்டிக் கொட்டி வளர்ந்திருந்த மேடு அன்று பிற்பகல் சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. 30 இற்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பண்டிகைக்காக வீட்டில் கூடியிருந்த குடும்பங்கள், சிறுபிள்ளைகள் உட்பட, குப்பைக்கடியில் புதைந்து போனார்கள். அந்த மேட்டின் உயரம் ஏறத்தாழ 300 அடி என்று அப்போது சொல்லப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 800 தொன் குப்பை அங்கே கொட்டப்பட்டு வந்தது.

அந்த இடம் மூடப்பட்டதும் குப்பையை எங்கே கொண்டு போவது என்ற கேள்வி எழுந்தது. வீதி ஓரங்களில் குப்பை தேங்கியது. அதே 2017 இல்தான் டெங்குக் காய்ச்சலும் இலங்கையில் முன்னொருபோதும் இல்லாத அளவுக்குப் பரவி, 186,000 பேர் வரை நோயாளிகளாகப் பதிவானார்கள். மழைக்கும் வேறு காரணங்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் மழைநீர் நிறைந்த ஒரு யோகட் கோப்பை நுளம்புக்கு எவ்வளவு வசதியான தொட்டில் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பின்னர் கொழும்புக் குப்பையைப் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் அதற்கெதிராக வீதிக்கு இறங்கினார்கள். அவர்களில் நம் சகோதரிகளும் இருந்தார்கள். "யாரோ போட்ட குப்பை எங்கள் ஊருக்கு எதற்கு?" என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதானே? குப்பைக்கு என்று ஓர் ஊர் கிடையாது. எங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும் அது யாரோ ஒருவருடைய வீட்டு வாசல்தான்.

சில நேரம் அது மனிதருடைய வாசலாக இல்லாமலும் இருக்கலாம். அம்பாறை மாவட்டத்தில், ஒலுவிலை அண்டிய பக்கத்தில், பள்ளக்காடு என்ற இடத்தில் சுற்றுப்புற ஊர்களின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. காட்டு யானைகள் உணவு தேடி அங்கே வரத் தொடங்கின. சோற்று வாசனை ஊறிய பொலித்தீனை அவை சோறென்று நினைத்து விழுங்கின. அப்படி விழுங்கியதால் எட்டு வருடங்களுக்குள் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வெளிவந்தது. இறந்த யானைகளை வெட்டிப் பரிசோதித்த மிருக வைத்தியர்கள் வயிற்றுக்குள் கண்டவை பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும்தான். வெறும் பொலித்தீனை யானை தின்னாது. அதில் நாம் ஒட்டவிட்ட கறிதான் அதைத் தின்ன வைத்தது.

மேட்டுக்குள் நடப்பது என்ன?

இலங்கையில் சேரும் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வருபவை. மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு, தேங்காய்ப்பூச் சக்கை, மீன் செதில், இலை குழைகள். இவை தனியாக மண்ணில் கிடந்தால் சில வாரங்களில் உக்கிப் பசளையாகிவிடும். ஆனால் பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து மேடாகக் குவியும்போது கதை மாறுகிறது.

உள்ளே காற்றுப் புகாது. காற்றில்லாமல் அழுகும் உணவிலிருந்து மெதேன் என்ற வாயு பிறக்கிறது. அது எளிதில் தீப்பற்றக் கூடியது. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வல்லமை கொண்டது. அழுகலிலிருந்து வடியும் கறுப்பு நீர் பழைய பற்றரி, மருந்து, சாயம் எல்லாவற்றின் நஞ்சையும் கரைத்துக்கொண்டு கிணற்று நீரோடு கலக்கிறது. மழைக் காலத்தில் மேடு தண்ணீரை உறிஞ்சிப் பாரம் கூடி, ஒரு நாள் சரிகிறது.

"எரித்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021 இல் திறக்கப்பட்டது. ஆனால் ஈர விறகு அடுப்பில் எப்படி எரியும் என்பது நமக்குத் தெரியாததா? மிஞ்சிய சோறும் கறியும் கலந்த குப்பையும் அப்படித்தான். எரிப்பதற்கும் புதைப்பதற்கும் மீள்சுழற்சி செய்வதற்கும், எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டையாக நிற்பது ஒன்றே ஒன்று. ஈரமானதையும் உலர்ந்ததையும் நாம் ஒரே கூடையில் போடுகிறோம்.

சொந்த நிலத்தில் குப்பை புதைத்த பல்கலைக்கழகம்

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல. பணமும் இடமும் நிறைய உள்ள நாடுகளின் பல்கலைக்கழகங்களும் இதோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டேவிஸ் என்ற ஊரில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. விவசாயக் கல்விக்குப் பெயர் பெற்றது. பல பத்து வருடங்களாக அது தன் குப்பையைத் தன் சொந்த நிலத்திலேயே புதைத்து வந்தது. 2011 இல் அந்தப் புதைகுழி மூடப்பட்டது.

அதே பல்கலைக்கழகத்தில் ருய்ஹோங் ஷாங் என்ற பெண் பேராசிரியர், உணவுக் கழிவிலிருந்து பயன்தரும் வாயு எடுப்பது எப்படி என்று பல வருடங்களாக ஆராய்ந்து வந்தார். அவருடைய முறையை வைத்து, மூடப்பட்ட அந்தக் குப்பை நிலத்திலேயே 2014 ஏப்ரலில் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. காற்றுப் புகாத பெரிய தாங்கிகள். நாளொன்றுக்கு 50 தொன் உணவு, தோட்டக் கழிவுகளை ஏற்கும் விதத்தில் அது அமைக்கப்பட்டது. தாங்கிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று மெதேனை வெளிவிடும். அதை எரித்து மின்சாரம் எடுக்கலாம். எஞ்சுவது வயலுக்குப் பசளை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குப்பை மேட்டுக்குள் பிறந்து தீயை மூட்டும் அதே வாயுதான் இங்கே விளக்கு எரிக்கிறது. கழிவு ஒன்றுதான், வாயுவும் ஒன்றுதான். ஒரு பக்கம் உணவுக் கழிவு எல்லாவற்றோடும் கலந்து கிடந்தது. மறுபக்கம் அது தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. வித்தியாசம் அவ்வளவுதான். தாங்கிக்குள் பொலித்தீனும் முள்ளுக் கரண்டியும் விழுந்தால் எவ்வளவு பணம் கொட்டிக் கட்டிய நிலையமும் தடுமாறத்தான் செய்யும்.

டேவிஸ் உட்பட கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தொகுதியைச் சேர்ந்த வளாகங்கள் எல்லாம் சேர்ந்து, 2020 ஆம் ஆண்டுக்குள் தங்கள் குப்பையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது புதைகுழிக்குப் போகாமல் செய்வோம் என்று ஓர் இலக்கு வைத்தன. அந்த இலக்கை அவற்றால் எட்ட முடியவில்லை. இயந்திரமும் படித்தவர்களும் இருந்தால் மட்டும் போதாது, கூடையருகே நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு கணம் யோசித்துப் போட வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

நிறுத்துப் பார்த்தவர்கள்

அதே அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள், ஒஹாயோ பல்கலைக்கழகமும் மியாமி பல்கலைக்கழகமும், 2001 இல் தமக்குள் ஒரு போட்டி வைத்தன. எந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் அதிகமாக மீள்சுழற்சிக்குக் கொடுக்கிறார்கள் என்று நிறுத்துப் பார்க்கும் போட்டி. விளையாட்டு மைதானத்தில் மோதிக்கொள்ளும் மாணவர்கள் இப்போது பழைய கடதாசியாலும் போத்தலாலும் மோதிக்கொண்டார்கள். பின்னர் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் அதில் சேர்ந்துகொண்டன.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மீள்சுழற்சிக்குக் கொடுத்ததன் நிறையை மட்டும் பார்த்தால், நிறையத் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் குடித்தவர்தான் வெல்வார். தகரக் குவளையில் தண்ணீர் குடித்தவர் தோற்றுப் போவார். அதனால் மொத்தக் குப்பை எவ்வளவு குறைந்தது என்பதையும் தனியாகக் கணக்கெடுத்துப் போட்டி வைத்தார்கள். மீள்சுழற்சி நல்லதுதான். ஆனால் குப்பையே உண்டாகாமல் பார்ப்பது அதைவிட நல்லது. முதலில் குறைப்பது, பின்பு திரும்பப் பாவிப்பது, அதற்குப் பிறகே மீள்சுழற்சி. இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிடக் கூடாது.

இன்னொரு விடயத்தையும் அங்குள்ள சாப்பாட்டு மண்டபங்களில் கண்டுபிடித்தார்கள். மாணவர்கள் பெரிய தட்டமொன்றை ஏந்திக்கொண்டு போகும்போது, கண்ணில் பட்டதையெல்லாம் அதில் நிரப்பிக்கொண்டு, பாதியைச் சாப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் தட்டத்தை எடுத்துவிட்டு, கையில் ஒரு பீங்கானை மட்டும் கொடுத்தன. வேண்டுமானால் இரண்டாம் முறை வந்து எடுக்கலாம். வீணாகும் சாப்பாடு குறைந்தது. கழுவும் தண்ணீரும் மிச்சமானது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு நம் சஹன் ஞாபகம் வரவில்லையா? ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடும்போது, அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் எடுத்து, போதாவிட்டால் திரும்பப் போடச் சொல்லிக் கேட்கிறோம். சாப்பாட்டை வீண்விரயம் செய்யக் கூடாதென்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இன்றைய வலீமா வீடுகளின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். புரியாணியும் வட்டிலப்பமும் தண்ணீர்ப் போத்தலும் ஒன்றாகக் கலந்து கிடப்பதைக் காண்பீர்கள். பாதி குடித்து மூடி வைத்த போத்தல்கள் எத்தனை!

மீள்சுழற்சி ஏன் தோற்கிறது?

பல்கலைக்கழகங்களில் பச்சை, நீலம், செம்மஞ்சள், சிவப்பு என்று வர்ணக் கூடைகளை நீங்கள் கண்டிருக்கலாம். பச்சை உக்கக் கூடியவற்றுக்கு. நீலம் கடதாசிக்கு. செம்மஞ்சள் பிளாஸ்டிக், பொலித்தீனுக்கு. சிவப்பு கண்ணாடிக்கு. கூடைகள் அழகாக வரிசையாக நிற்கும். மூடியைத் திறந்து பார்த்தால் நான்குக்குள்ளும் ஒரே குப்பைதான்!

நல்ல வெள்ளைக் கடதாசிக் கட்டின் மேல் பருப்புக் கறி ஊற்றுப்பட்டால் அந்தக் கடதாசி ஆலைக்குப் போகாது. எண்ணெய் ஊறிய நாரிலிருந்து புதுக் கடதாசி செய்ய முடியாது. இனிப்புப் பானம் மிஞ்சிய போத்தல் ஒன்று போதும், மூடை முழுவதிலும் எறும்பு மொய்க்கும். ஒருவர் செய்த கவனமின்மை நூறு பேர் பிரித்துப் போட்டதையும் பாழாக்கிவிடும்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். போத்தலின் அடியில் சிறு முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 1 என்றால் தண்ணீர், சோடாப் போத்தல் வகை. 2 என்றால் சவர்க்காரத் திரவம், ஷம்பூ வரும் தடித்த போத்தல் வகை. இந்த இரண்டுக்கும் வாங்குவோர் உண்டு. சஷே பைக்கற்றுகளோ பிளாஸ்டிக்கும் மெல்லிய உலோகத் தகடும் படை படையாக ஒட்டிச் செய்தவை. அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆகவே ஐந்தாறு சிறு பைக்கற்றுக்குப் பதிலாக ஒரு போத்தல் வாங்கக் கூடியவர்கள் அப்படி வாங்குவது நல்லது. அலுமினியக் குவளையை வீசிவிடாதீர்கள். பழையதை உருக்கி அலுமினியம் எடுத்தால், புதிதாக எடுப்பதற்குத் தேவையான சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மிச்சமாகிறது.

பல்கலைக்கழகங்களில் கண்ட இன்னொரு பாடம் இது. குப்பைக் கூடை ஓரிடத்திலும் மீள்சுழற்சிக் கூடை வேறோர் இடத்திலும் இருந்தால் யாரும் தேடிப் போக மாட்டார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். எதை எதில் போடுவதென்று மேலே படம் ஒட்டியிருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு மாணவரோ மாணவியோ பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. வீட்டிலும் இது பொருந்தும். அடுப்படியில் ஒரு கூடையும் கொல்லையில் ஒரு கூடையும் இருந்தால் எல்லாம் அடுப்படிக் கூடையிலேதான் விழும்!

சட்டமும் பழக்கமும்

நம் நாட்டில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2017 செப்டம்பர் 1 முதல் லன்ச் ஷீட், ரிஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, மிக மெல்லிய பொலித்தீன் ஆகியவை தடை செய்யப்பட்டன. 2021 இல் உணவும் மருந்தும் தவிர்ந்த சிறிய சஷே பைக்கற்றுகள் தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் பீங்கான், கரண்டி, ஸ்ட்ரோ ஆகியவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுக்கும் தடை வந்தது. பிரம்பில் பின்னிய இடியப்பத் தட்டு உங்கள் வீட்டில் இன்னும் இருக்குமானால் அதை மீண்டும் கையிலெடுங்கள்.

சட்டம் வந்ததும் எல்லாம் மறைந்துவிடவில்லை என்பது நாம் தினமும் கடைத்தெருவில் காண்பது. விற்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாங்குகிறவர் வேண்டாம் என்று சொன்னால் விற்பவர் எத்தனை நாளைக்குத் தருவார்? வாழையிலையில் சோறும் தாமரை இலையில் இறைச்சியும் சுற்றி, பன் பையில் சாமான் வாங்கி வந்த காலத்தை நம் உம்மம்மாமார் இன்றும் சொல்வார்கள். அந்த இலைகள் எந்த யானையையும் கொன்றதில்லை.

விடுதியில் இருக்கும் மகளுக்கு

பெண்கள் விடுதிகளில் வாய்விட்டுப் பேசப்படாத ஒரு பிரச்சினையும் உண்டு. மாதாந்தம் பாவிக்கும் நப்கின்களைச் சிலர் வெட்கத்தினால் மலசலகூடக் குழிக்குள் போட்டுவிடுகிறார்கள். அவற்றில் பிளாஸ்டிக் படை இருக்கிறது. தண்ணீரில் கரையாது, ஊதிப் பெருத்துக் குழாயை அடைக்கும். பின்பு அதைக் கையால் எடுப்பவர் யார்? துப்புரவு வேலை செய்யும் ஓர் ஏழைத் தாய்தான்.

மகளிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பாவித்ததைச் சுருட்டி, பழைய கடதாசியில் சுற்றி, மூடியுள்ள தனிக் கூடையில் போட வேண்டும். உணவுக் கழிவோடும் கடதாசியோடும் அதைச் சேர்க்கக் கூடாது. விடுதியில் அப்படியொரு கூடை இல்லாவிட்டால், மாணவிகள் ஒன்றுசேர்ந்து விடுதிப் பொறுப்பாளரிடம் கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை. கழுவித் திரும்பப் பாவிக்கும் துணிகளும் உண்டு. நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்த வசதியுள்ளவர்கள் அவற்றைப் பாவிக்கலாம்.

உடைந்த கண்ணாடியையும் சவர அலகையும் தடித்த கடதாசியில் சுற்றி, மேலே எழுதிப் போடச் சொல்லுங்கள். பற்றரி, பழைய கைத்தொலைபேசி, சார்ஜர், பல்ப் ஆகியவற்றைச் சாதாரணக் கூடையில் போடாமல் சேர்த்து வைத்து, அவற்றுக்கென உள்ள சேகரிப்பு இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். ஆய்வுகூடத்து இரசாயனக் கழிவை ஒருபோதும் பொதுக் கூடையில் கலக்கக் கூடாது. நாம் கைகழுவிவிட்ட குப்பையை இன்னொருவர் கையால் அள்ளுகிறார் என்ற நினைப்பு நம் பிள்ளைகளுக்கு இருந்தால், மற்றவையெல்லாம் தானாக வந்து சேரும்.

பெட்டியில் என்ன வைப்பீர்கள்?

மகள் கெம்பஸுக்குப் போகும்போது கீழே சொல்பவற்றையும் பெட்டியில் வையுங்கள்.

மூடியுள்ள ஒரு சாப்பாட்டுப் பெட்டி, கன்டீனில் பார்சலுக்குப் பதிலாக நீட்டுவதற்கு. உறுதியான ஒரு தண்ணீர்ப் போத்தல். சொந்தமாக ஒரு கோப்பை, ஒரு கரண்டி. மடித்து வைக்கக் கூடிய இரண்டு துணிப் பைகள்.

மூத்த மாணவியரிடம் வாங்கிய பழைய புத்தகங்களும் குறிப்புகளும் இருந்தால் புதிதாகப் பிரதியெடுக்க வேண்டாம். கடதாசியின் இரண்டு பக்கமும் பாவிக்கட்டும். படிப்பு முடிந்து விடுதியை விட்டுப் போகிறவர்கள் வாளி, மெத்தை, மேசை விளக்கு, அலுமாரித் தட்டு எல்லாவற்றையும் கைவிட்டுப் போவது எல்லா நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் நடப்பதுதான். அவற்றைச் சேர்த்து, கழுவித் துடைத்து, அடுத்த வருடம் வரும் வசதி குறைந்த மாணவிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் மகள் அதைத் தன் விடுதியில் தொடங்கி வைக்கலாம். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஓர் அறையும் நான்கு நல்ல உள்ளங்களும் போதும்.

சமையலறையில் தொடங்குங்கள்

இவ்வளவையும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, நம் வீட்டுக் கூடையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தால் அது எடுபடாது. பிள்ளைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதையே பழகுகிறார்கள்.

இரண்டு கூடை வையுங்கள். ஒன்று ஈரமானதற்கு, மற்றது உலர்ந்ததற்கு. கறி ஒட்டிய பொலித்தீனை, பாத்திரம் கழுவி வடியும் தண்ணீரில் ஒரு தரம் அலசி, கொடியில் போட்டு உலர்த்திச் சேர்த்து வையுங்கள். பழைய போத்தல், பத்திரிகை வாங்க வருபவருக்கும் அது உதவும். உள்ளூராட்சி சபைகளில் பிரித்து வாங்கும் நாட்களை அறிந்து அதன்படி கொடுங்கள்.

ஈரமானதைக் கொல்லையிலேயே பசளையாக்கலாம். அடியில் துளையிட்ட ஒரு பழைய பீப்பாய் போதும். ஒரு படை மரக்கறித் தோல், அதன்மேல் அதைவிடத் தடிப்பாகக் காய்ந்த இலை, மேலே கொஞ்சம் மண். இப்படியே அடுக்கிக்கொண்டு போங்கள். வாரத்துக்கொரு முறை கிளறிக் காற்றுப் புகவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், காய்ந்த இலையைக் கூட்டுங்கள். மீன், இறைச்சி, எலும்பு, எண்ணெய் போட வேண்டாம், நாயும் எலியும் தேடி வரும். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு பசளை கிடைக்கும். உங்கள் பச்சை மிளகாய்ச் செடியும் கறிவேப்பிலையும் அதற்குச் சாட்சி சொல்லும். தோட்டமில்லாத மாடி வீட்டுச் சகோதரிகள் சிறிய மூடி வாளியில் இதைச் செய்து பூச்சாடிக்கு இடலாம்.

நம் வீட்டிலிருந்து வெளியேறும் குப்பை இதனால் பாதியாகக் குறைந்துவிடும். மீதி உலர்ந்தே போகும். உலர்ந்து போகும் குப்பையில் நாற்றம் இல்லை, புழு இல்லை, யானையை ஏமாற்றும் சோற்று வாசனையும் இல்லை.

பேராசிரியர்கள் படிப்பிக்கும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம் இது. நம் சமையலறையில், நம் கண்முன்னே படிப்பிக்க வேண்டியது. மகள் பெட்டி அடுக்கும் நாள் வரை காத்திருக்காமல், இன்று பின்னேரம் மரக்கறி வெட்டும்போதே பக்கத்தில் இரண்டாவது கூடையை வைத்துவிடுங்கள்.